எங்கள் வீட்டுச் சூசன்னாள்

எங்கள் அப்பாவைப் போல வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் தாம்பரத்தில் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவரைப் போல அடித்துப் பேசித் தப்பாகச் சொன்னவரும் இல்லை. பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் அவருக்குக் குமாஸ்தா வேலை. ஒவ்வொரு டிசம்பரிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் காலண்டர்கள் அங்கே வந்து குவியும். பெரிய அதிகாரிகள் எடுத்துக்கொண்டது போக மிச்சத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அப்பாவுக்கு விழுந்தது ஹாலந்துக் காலண்டர். மாதத்துக்கு ஒன்றாக, அந்த ஊர்ப் பழைய ஓவியர்களின் எண்ணெய் வண்ணப் படங்கள். அது மடங்கிவிடக் கூடாதென்று மின்சார ரயிலில் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார்.

ஜனவரியில் பால் ஊற்றும் ஒரு பெண், பிப்ரவரியில் பனியில் சறுக்குகிறவர்கள், அப்புறம் மாடுகள், கப்பல்கள், ஒரு தட்டில் மீனும் பாதி உரித்த எலுமிச்சம்பழமும். ஜூன் முடிந்து தாளைத் திருப்பிய அம்மா, "ஐயையோ" என்று அதே வேகத்தில் மூடினாள். ஜூலை முழுவதும் எங்கள் வீட்டில் ஜூன்தான். தேதி வேண்டுமென்றால் மனக்கணக்குப் போட வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன, இன்னும் திருப்பலையா?" என்று கேட்பார்கள். அம்மா காபி கொண்டுவர உள்ளே போய்விடுவாள்.

வருஷம் முடிந்ததும் அப்பா காலண்டரைப் பிரித்து அந்த ஜூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். தண்ணீரில் இறங்கப்போகிற ஒரு பெண். உடம்பில் ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைத் துணியை மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கை மார்பை மறைக்கிறது. குனிந்தபடியே முகத்தை மட்டும் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறாள். பின்னால் குவித்துப்போட்ட சிவப்பு ஆடை, அதற்கும் பின்னால் கறுத்த இலைகள். கீழே பொடியெழுத்தில் டச்சு மொழி. அதில் எங்களுக்குப் புரிந்தது சூசன்னா என்ற ஒரே ஒரு பெயர்.

"சூசன்னாள்!" என்றார் அப்பா. "லூக்கா எட்டாம் அதிகாரம்."

லூக்காவில் ஒரு சூசன்னாள் உண்டுதான். தங்கள் ஆஸ்தியால் இயேசுவுக்குப் பணிவிடை செய்த பெண்களில் ஒருத்தியாக அவள் பெயர் ஓரிடத்தில் வரும். அதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. அப்பாவுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

"இருந்ததையெல்லாம் ஆண்டவருக்குக் குடுத்துட்டா. கடைசில கட்டியிருந்த துணியையும் குடுத்துட்டா. அதைத்தான் வரைஞ்சிருக்கான். எப்பேர்ப்பட்ட தியாகம் பாருங்க."

"அப்ப கையில இருக்கிற வளையலை மட்டும் குடுக்க மறந்துட்டாளாப்பா?" என்றாள் அக்கா.

அப்பா அவளை முறைத்துவிட்டுப் படத்தைச் சுருட்டினார். அக்கா அப்போது பிளஸ் டூ. நான் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே. அவள் வாய் எங்கிருந்து வந்ததென்று அம்மா அடிக்கடி ஆச்சரியப்படுவாள். அப்பா வழியில்தான் வந்தது.

தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு அப்பா என்னைத்தான் அழைத்துப் போனார். கடைக்காரர் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா சார், எப்பவும் ஏசு படந்தான எத்தினு வருவே. இது யாரு?"

"பைபிள்ல வர்ற ஒரு அம்மா."

"சரி சார். ஆனா முருகர் பக்கத்துல இத்த மாட்டி வெச்சிகினு நான் கடை நடத்த முடியாது. நாளைக்கே வந்து எத்தினு பூடு."

அதைக் கூடத்தில் மாட்டினால் தன்னை வேளாங்கண்ணி பஸ்ஸில்தான் தேட வேண்டியிருக்கும் என்று அம்மா சொன்னாள். நாங்கள் மாதாவை வணங்காத பிராட்டஸ்டண்டுக்காரர்கள். வேளாங்கண்ணிக்குப் போவேன் என்பது எங்கள் வீட்டில் பெரிய மிரட்டல். கடைசியில் நானும் அக்காவும் படுக்கும் உள்ளறையில், தையல் மெஷினுக்கு மேலே, படம் மாட்டப்பட்டது. வேத சம்பந்தமான படத்தை மாட்டியாயிற்று என்று அப்பாவுக்குத் திருப்தி, வெளியாள் கண்ணில் படாது என்று அம்மாவுக்குத் திருப்தி.

இப்படித்தான் அவள் எங்களோடு குடியிருக்க வந்தாள்.

அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். காலையில் கொஞ்ச நேரம் வெயில் சாய்வாக உள்ளே வந்து படத்தின் மேல் விழும். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தலைபின்ன உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. அச்சடித்த தாள்தான் அது, நான் ஒன்றும் ஏமாறவில்லை. ஆனால் அவள் தோளின் மேல் இருந்த வெளிச்சத்தைத் தொட்டால் விரல் சுடும் என்று தோன்றும். வயிற்றில் ஒரு மடிப்பு. முட்டியில் லேசான சிவப்பு. நாங்கள் பார்த்த படங்களில் பெண்களுக்கு வயிறு மடியாது, முட்டி என்ற ஒன்றே இருக்காது. இவளுக்கு எல்லாம் இருந்தது. அவசரத்தில் செருப்பை மிதித்தபடி தடுமாறி நிற்கும் ஒரு கால் இருந்தது. அந்தக் காலைப் பார்க்கிறபோதெல்லாம் நான் அசந்துபோவேன். அசல் ஓவியமும் ஏறக்குறைய எங்கள் காலண்டர் அளவுதான் என்று பின்னாளில் எங்கோ படித்தேன். அவ்வளவு சின்னப் பலகையில் ஒரு முழு உயிரைப் பிடித்து வைக்க முடியும் என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் குளியலறை என்று கட்டிடம் கிடையாது. கொல்லையில் கிணற்றடியில் தென்னங்கீற்றுத் தடுப்பு, மேலே வானம். அந்த வருஷங்களில் தாம்பரம் மளமளவென்று மாடி கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பின்வீட்டிலும் மாடி எழும்பியது. அன்றிலிருந்து ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாரத்தில் ஆள் வந்தால் இருமுவோம். உள்ளே இருப்பவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு நாள் நான் இருமிய பிறகு, ஈரத் தலையோடு வந்த அக்கா, துவட்டக்கூட இல்லாமல் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இவ தியாகமும் பண்ணல, ஒரு மண்ணும் பண்ணல," என்றாள். "இவளை யாரோ பாக்கறாங்க. அது இப்பதான் இவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மூஞ்சியைப் பாரேன். நீ இருமினா என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

அவள் சொன்ன பிறகு வேறு எப்படியும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயம், கோபம், கூச்சம் மூன்றும் ஒன்றாகக் கிளம்பி எது முன்னால் வருவதென்று தெரியாமல் நிற்கிற முகம். எங்கோ ஒரு குளிர்நாட்டில், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், ஒரு ஆண்பிள்ளைக்கு இது எப்படித் தெரிந்தது? எங்கள் கிணற்றடி விஷயம் எங்கள் அப்பாவுக்கே தெரியாது.

பக்கத்து வீட்டுக்கு ஒரு கத்தோலிக்க டீச்சர் குடிவந்தது அதற்கப்புறம். அம்மா தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். அளவு கொடுக்க உள்ளறைக்கு வந்த டீச்சர் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அட, சூசன்னா! இவங்க கதை உங்க பைபிள்ல கிடையாதே. எப்படி வெச்சிருக்கீங்க?"

"இருக்கே டீச்சர். லூக்கா எட்டு," என்றாள் அம்மா, அப்பாவின் அதே குரலில்.

டீச்சர் சிரித்துவிட்டார். அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே முழுக் கதையையும் சொன்னார். தானியேல் ஆகமம் அவர்கள் வேதத்தில் எங்களுடையதைவிட நீளமாம். அதில் வருகிறவளாம் இந்தச் சூசன்னா. பாபிலோனில் தோட்டத்தில் குளிக்கப் போகிறாள். ஊரில் நியாயம் தீர்க்கிற இரண்டு பெரிய மனிதர்கள் புதரில் ஒளிந்திருந்து அவளை மடக்குகிறார்கள். தங்கள் ஆசைக்கு இணங்காவிட்டால், ஒரு வாலிபனோடு அவளைப் பார்த்ததாகச் சொல்லிவிடுவோம் என்கிறார்கள். அவள் மாட்டேன் என்று கத்துகிறாள். சொன்னபடியே சொல்லிவிடுகிறார்கள். பெரிய மனிதர்கள் சொல்கிறார்களே என்று ஊர் நம்பிவிடுகிறது. கொல்லக் கொண்டுபோகும்போது தானியேல் வழிமறித்து, இரண்டு பேரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். ஒருவன் ஒரு மரத்தைச் சொல்கிறான், மற்றவன் வேறொரு மரத்தைச் சொல்கிறான். அவள் உயிர் தப்புகிறது.

"அந்த இலைக்குள்ள தேடிப் பாருங்க, இருப்பாங்க," என்றார் டீச்சர்.

அக்கா ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றிக் கொல்லைக்கு எடுத்துப்போனாள், நானும் டீச்சரும் பின்னாலேயே போனோம். வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். வலது ஓரத்தில், இத்தனை நாள் வெறும் இருட்டு என்று நாங்கள் நினைத்த இடத்தில், முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு தாடி. பிறகு கண். அந்த ஆள் எங்கள் அறையிலேயே இருந்திருக்கிறான். நாங்கள் படித்தபோது, உடை மாற்றியபோது, தூங்கியபோது, எல்லாப் பொழுதும்.

"ஒருத்தன்தான் இருக்கான்," என்றேன். "கதையில ரெண்டு பேராச்சே?"

அக்கா படத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். "அவ அந்தப் பக்கம் பாக்கவே இல்ல பாரு," என்றாள். "இந்தப் பக்கம் பாக்கறா. அவளைப் பொறுத்தவரைக்கும் இன்னொருத்தன் இங்கதான் நிக்கறான். நாம நிக்கற இடத்துல."

நான் சட்டென்று ஓரமாக நகர்ந்துவிட்டேன். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக என்னைப் பிடித்து உலுக்கிய பிரசங்கம் ஒன்றுகூட இல்லை.

அப்பாவிடம் சொன்னோம். "அது தள்ளுபடி ஆகமம்," என்றார். "நமக்கு அது வேதம் இல்ல. டீச்சருக்கு வேணும்னா வேதம்." அதற்கப்புறமும் யார் கேட்டாலும் லூக்கா எட்டுதான்.

சில வருஷங்கள் போயின. அக்கா குரோம்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழு. சனிக்கிழமை ஒத்திகைக்கு நானும் அவளுக்குத் துணையாகப் போவேன். அவள் குரல் நன்றாக இருக்கும், நிஜமாகவே. பாட்டுக்குழுவுக்குப் பொறுப்பு சபைக் கமிட்டியில் இருந்த ஒரு அங்கிள். ஒத்திகை முடிந்து பெண்பிள்ளைகளை ஆசீர்வதிக்கிற மாதிரி தோளில் கை வைப்பார். வைத்த கை சீக்கிரம் எழுந்திருக்காது. எல்லோரும் நெளிவோம், ஜெபம் முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை, முழுக் குழுவும் நிற்கும்போது அக்கா சத்தமாகச் சொன்னாள்: "கையை எடுங்க அங்கிள்."

அவர் எடுத்துவிட்டார். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் செய்தார். அவருக்கு உயிர் சிநேகிதர் ஒருவர் உண்டு, அவர் சபைக்குப் பொருளாளர். ஆராதனையில் இருவரும் முதல் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அன்று அக்கா சொன்னதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கு நிரூபணம் தேவையுமில்லை.

அந்த வருஷமே அக்காவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை பாங்கில் வேலை, வீடு குரோம்பேட்டை. பார்க்க நல்ல மாதிரியாக இருந்தார். அக்காவுக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வந்துபோன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பாடினாள். நிச்சயம் முடிந்தது, ஓலை கொடுத்தோம்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் பீடத்திலிருந்து அறிவிப்பார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அதுவரை அந்த இடைவெளியில் யாரும் இருமியதைத் தவிர வேறொன்றும் செய்து நான் பார்த்ததில்லை. முதல் ஞாயிறு வாசித்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது ஞாயிறு எங்கள் ஓலையை வாசிக்கவில்லை. வேறு இரண்டு ஜோடிகளுடையதை வாசித்துவிட்டு நேரே பாட்டுக்குப் போய்விட்டார். கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. அம்மாவின் கை என் கையை வந்து பிடித்தது. மத்தியானம் போதகர் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே சொன்னார். அன்று ஆராதனைக்கு முன்னால் இரண்டு கமிட்டிக்காரர்கள் தடை தெரிவித்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், குரோம்பேட்டை மலையடிவாரத்தில் ஒரு மரத்தடியில், அக்காவை ஒரு பையனோடு பார்க்கக் கூடாத நிலையில் பார்த்தார்களாம். பாட்டுக்குழு அங்கிளும் பொருளாளரும்தான் அந்த இருவர். சனிக்கிழமை கமிட்டி விசாரிக்கும் என்றார்.

"நான் அங்க போகவே இல்ல," என்றாள் அக்கா. அன்றைக்கு வகுப்பு முடிந்து தனியாக ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறாள், ரயில் தாமதம், பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறாள். கூட யாரும் இல்லை. தனியாக நின்றதற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய மாமா வந்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "விசாரணை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்றார். அந்த வாரம் முழுக்க அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். தெருவில் பேச்சு தானாக நின்றுவிடும், அவள் தாண்டிய பிறகு மறுபடி ஆரம்பிக்கும். அவள் பேருக்கு வந்த கெடுதல் இந்த ஊரில் எத்தனை வருஷமானாலும் போகாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை காலை அப்பா உள்ளறைக்கு வந்து படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். டீச்சரிடம் அவருடைய வேதத்தைக் கேட்டிருக்கிறார். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று சொல்லி, நின்றுகொண்டே அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தாராம். உட்கார்ந்து படித்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. திரும்பி வந்து, "வேதம் இல்லதான்," என்றார். "ஆனா கேள்வி நல்ல கேள்வி."

கமிட்டி கோயிலை ஒட்டிய கூடத்தில் கூடியது. அம்மாவும் நானும் வராந்தா பெஞ்சில், ஜன்னலுக்குக் கீழே. உள்ளே அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே வரிசையாகக் கமிட்டி. ஜெபம் முடிந்ததும் அப்பா எழுந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போவதாகவும், இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். "அதுக்கென்ன, தாராளமா," என்று பொருளாளர் தானே எழுந்து வெளியே வந்து எங்கள் பக்கத்திலேயே நின்றார். கமிட்டியில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒரு கத்தோலிக்கக் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். இவர்கள் அத்தனை பேரும் அந்தக் கதையை வேதம் இல்லை என்று ஒதுக்கியவர்கள், அது என்னவென்று தெரியாமலே ஒதுக்கியவர்கள். போதகர் மட்டும் செமினரியில் படித்தவர்.

அப்பாவுக்குக் கற்பனை கிடையாது. இருந்ததை இருந்தபடியே கேட்டார்.

"எந்த மரத்தடியில பாத்தீங்க?"

போதகர் சட்டென்று நிமிர்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"புளியமரம்," என்றார் பாட்டுக்குழு அங்கிள். "பெரிய புளியமரம். நல்லா ஞாபகம் இருக்கு."

அவரை அங்கேயே உட்கார வைத்து, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, பொருளாளரைக் கூப்பிட்டார்கள்.

"மரமா?" என்றார் அவர். "வேப்பமரம். ஆமா, வேப்பமரந்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

கமிட்டி முழுவதும் பாட்டுக்குழு அங்கிள் பக்கம் திரும்பியது. எந்தக் காலத்துப் பாபிலோன், எந்த ஊர்த் தோட்டம்! அந்தக் கேள்வி அங்கிருந்து கிளம்பி, ஹாலந்தில் ஒரு ஓவியன் கைக்குப் போய், கப்பலேறிப் பாரிமுனைக்கு வந்து, குலுக்கலில் விழுந்து, எங்கள் அக்கா இருந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் அழுதேன். அம்மாவும் அழுதாள்.

அந்தி நேரம், ஆள் அடையாளம் தப்பியிருக்கலாம் என்றார் ஒருவர். வேறு பெண்ணாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். தடை நீங்கியது என்று எழுதிக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. போதகர் ஜெபம் செய்து முடித்தார், அவர்கள் இருவரும்கூட ஆமென் சொன்னார்கள். அந்த ஆமெனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு வரும்வரை அப்பா பூரித்துப் போயிருந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் புளியமரத்தையும் வேப்பமரத்தையும் சொன்னார். சாயங்காலமே மாப்பிள்ளையும் மாமாவும் இனிப்புப் பெட்டியோடு வந்துவிட்டார்கள். "எங்களுக்கு ஆரம்பத்துலயே தெரியும்," என்றார் மாமா. அக்காவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார் மாப்பிள்ளை. வாசல் படியில் நின்று பேசினார்கள். அவர் போன பிறகு அக்கா உள்ளறைக்கு வந்து, புடவை மாற்றாமல் பாயில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"எனக்கு உன் மேல ஒரு சந்தேகமும் இல்லன்னாரு. அப்புறம், 'ஒண்ணு மட்டும் சொல்லிடு, அன்னைக்கு நிஜமா எங்க போயிருந்தே'ன்னு கேட்டாரு."

அவள் படத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"டீச்சர் சொன்ன கதையில அவளை ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டாங்க, கவனிச்சியா? இங்கயும் அதேதான். அப்பா அவங்க ரெண்டு பேரையும் கேட்டாரு. கமிட்டியும் அவங்க சொன்னதைத்தான் கேட்டுச்சு. அந்த நாற்காலியில நான் முழுநேரமும் உக்காந்திருந்தேன், என்ன நடந்துச்சும்மான்னு ஒரு ஆள் கேக்கல. மொத மொதல்ல என்கிட்ட கேட்டது அவருதான். கேட்டது இது."

கதவோரம் அப்பா நின்றிருந்தார். இனிப்புத் தட்டை எங்களுக்குக் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. தட்டைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. விஷயம் தெரிந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். முதல் பெஞ்சில் அவர்கள் இருவரும் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாட்டுக்குழுவில் சேரவில்லை. பெண்கள் பக்கத்தில், எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தாள். ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. போதகர் போன வாரத்துக்கும் சேர்த்து ஈடுகட்டுகிற மாதிரி எங்கள் ஓலையைக் கணீரென்று வாசித்தார். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்றார். நிறுத்தினார்.

அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தடை இருக்கு ஐயா."

பாடும்போது எப்படியோ அப்படி, நடுங்காமல் வந்தது குரல். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஓலைக்கு உரியவளே தடை சொல்லி அந்தக் கோயில் அதுவரை பார்த்ததில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். என் அக்கா இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இவளோடா நான் ஒரே பாயில் படுத்தேன், இவளோடா சீப்புக்குச் சண்டை போட்டேன் என்று வியந்துபோனேன்.

போதகர் அவளைப் பார்த்தார். பிறகு, எந்தப் போதகரும் செய்கிற மாதிரி, ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினார். அப்பா எழுந்தார். ஒரு கையால் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு வேதவசனமும் எடுத்துவிடவில்லை.

"என்னைப் பாக்காதீங்க ஐயா," என்றார். "அவகிட்ட கேளுங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

போதகர் பீடத்திலிருந்து இறங்கி, பெண்கள் பக்கம் வரை நடந்து வந்து, அக்காவுக்கு முன்னால் நின்றார்.

"சொல்லும்மா," என்றார்.